ஸ்டாட்யூட்டரி டிமாண்டை எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் கம்பெனிகளுக்கு வரும் ஸ்டாட்யூட்டரி டிமாண்டை ரத்து செய்யக் கோரும் மனுக்கள் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் வழக்கறிஞர்கள், நாங்கள் அந்த வயதில் விழுந்த அதே குழிகளில் விழுகிறார்கள். பெயரில் எழுத்துப்பிழை, கூட்டலில் பிசகு போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஸ்டாட்யூட்டரி டிமாண்ட் என்பது, 4,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி என்று சொல்லி கடன் கொடுத்தவர் அனுப்பும் நோட்டீஸ். 21 நாட்களுக்குள் பணத்தைக் கட்டவோ, கோருபவர் ஒப்பும்படி தீர்க்கவோ, நீதிமன்றம் போகவோ வேண்டும். சும்மா இருந்துவிட்டால் கம்பெனி நொடித்துவிட்டதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதற்கடுத்த 3 மாதங்களுக்குள் கம்பெனியைக் கலைக்கக் கோரும் மனு (கலைப்பு மனு) வந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் சுமை கம்பெனியின் தலையில்.

பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காத்திருப்பது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

சிட்னியில் பரமட்டா பக்கம் குளியலறை வேலை செய்யும் ஒரு சிறு கம்பெனி. சப்ளையர் கொடுத்த குழாய் இணைப்புகள் ஒழுகியதால் பல வீடுகளில் ஓடுகளைப் பெயர்த்து மறுபடி வேலை செய்தார்கள். படங்கள், மின்னஞ்சல்கள், மறுவேலைக்கான பில்கள் எல்லாம் கையில் இருந்தன. இதைவிட நல்ல தகராறு அமைவது அரிது. டிமாண்ட் வந்ததும் இயக்குநர் சப்ளையரின் கணக்குப் பிரிவோடு பேசினார். "அவசரமில்லை, அடுத்த வாரம் உட்கார்ந்து பேசுவோம்" என்று பதில் வந்தது. அதை அவகாசம் என்று எடுத்துக்கொண்டார். எங்களிடம் வந்தபோது கெடுவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. இராப்பகலாக எழுதி 21ஆம் நாள் மாலை மனுவைத் தாக்கல் செய்தோம். நகலை எதிர்த்தரப்பிடம் மறுநாள் காலையில் கொடுத்தால் போதும் என்று இளையவர் ஒருவர் நினைத்துவிட்டார். அதோடு கதை முடிந்தது.

கார்ப்பரேஷன்ஸ் சட்டம் 2001, பிரிவு 459ஜி இதில் தெளிவாக இருக்கிறது. மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கலாவது மட்டுமல்ல, அவற்றின் நகல்கள் எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்வதும் அந்த 21 நாட்களுக்குள் நடக்க வேண்டும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்று ஆஸ்திரேலிய ஹை கோர்ட் (அந்நாட்டில் அதுதான் உச்சம்) 1995இல் டேவிட் கிராண்ட் எதிர் வெஸ்ட்பேக் வழக்கில் சொல்லிவிட்டது. நீதிபதியாலேயே முடியாததைக் கணக்குப் பிரிவின் மின்னஞ்சல் எப்படிச் செய்யும்? டிமாண்டைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காதவரை, ஒரு பக்கம் பேசிக்கொண்டே மறுபக்கம் மனுவைத் தயாரியுங்கள்.

கலைப்பு வழக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. முன்பே எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபத்தை, நீதிமன்றத்தின் அனுமதியின்றி அங்கே எழுப்ப அதே சட்டத்தின் பிரிவு 459எஸ் விடாது. கம்பெனிக்குக் கடனைக் கட்டும் சக்தி உண்டு என்று நிரூபிக்க அந்த ஆட்சேபம் முக்கியமானதாக இருந்தால்தான் அனுமதியே கிடைக்கும். அந்த ஒழுகல் குழாய்களைப் பற்றி எந்த நீதிபதியும் கேட்கவே இல்லை.

காரணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. 21 நாட்களுக்குள் போன பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படையாகவோ, அதிலிருந்து தவிர்க்க முடியாமல் விளங்கும்படியோ இல்லாத காரணத்தைப் பிறகு எழுப்ப இயலாது. 1996இன் கிரேவின்டர் வழக்கு இதற்காகவே பேர்பெற்றது. "கடன் தகராறில் உள்ளது" என்று ஒற்றை வரி எழுதி, ஆவணம் எதையும் இணைக்காமல் அனுப்பும் வழக்கத்தை விடுங்கள்.

முழு வழக்கையும் இங்கேயே நடத்துவது

யார் சொல்வது சரி என்று இங்கே தீர்ப்பாகாது. மெய்யான தகராறோ எதிர்க்கோரிக்கையோ இருப்பதாகக் காட்டினால் போதும். பாக்கியில் ஒரு பகுதியில்தான் தகராறு என்றால், மீதியைக் கட்ட வேண்டிவரலாம்.

பதிவு அலுவலக முகவரி

டிமாண்ட் வந்துசேரும் பதிவு முகவரி இன்னும் உங்கள் பழைய கணக்காளருடையதா? இன்றே மாற்றுங்கள்.

நோட்டீசில் நொட்டை பிடிப்பது

நோட்டீசில் உள்ள பிழையால் கணிசமான அநீதி விளைந்தால் மட்டுமே இது எடுபடும்.

வரி பாக்கியை இங்கே மறுப்பது

வரித்துறை மதிப்பீடு செய்துவிட்ட தொகையில் மெய்யான தகராறு என்ற வாதம் எடுபடாது. 2008இல் பிராட்பீச் வழக்கில் ஹை கோர்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. மதிப்பீட்டில் குறை இருந்தால் வரிச் சட்டத்தின் ஆட்சேப வழியில் போங்கள். ஆனால் அது முடியும்வரை 21 நாள் கெடு நிற்காது.