முதல் தொலைநோக்கி: குமரி மாவட்டத்துப் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதக் கடைசியில் தக்கலையிலிருந்து ஒருவர், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகனையும் ஒரு பெரிய அட்டைப்பெட்டியையும் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். "வாங்கி மூணு மாசம் ஆகுது சார், நிலாவைத் தவிர ஒண்ணையும் பிடிக்க முடியல" என்றார். பெட்டியைத் திறந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்காக நான் வாங்கி ஏமாந்த அதே வகைத் தாங்கியும் (குழலைப் பிடித்து நிறுத்தித் திருப்பும் பகுதி) அதைச் சமன்செய்யும் அதே இரும்பு எதிர் எடையும் உள்ளே இருந்தன. திருவிழாக் கடைப் பிளாஸ்டிக் குழலை வாங்காதீர்கள் என்று எவருக்கும் சொல்லத் தேவையில்லை. நாலு பேரிடம் விசாரித்து, பணம் சேர்த்து வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளையே இங்கே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்

"525 மடங்கு" என்று போட்டிருப்பார்கள். 700 மி.மீ. குவியத் தொலைவை 4 மி.மீ. கண்ணருகு லென்ஸால் வகுத்தால் 175 வரும். உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ என்ற துணை லென்ஸைச் சேர்த்தால் 525 ஆகும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஒரு தொலைநோக்கி தாங்கக்கூடிய உருப்பெருக்கம், அதன் முதன்மை லென்ஸின் அல்லது கண்ணாடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணைத் தாண்டுவது அரிது. 60 மி.மீ. விட்டத்துக்கு அது 120. அதற்கு மேல் போனால் மங்கலும் ஆட்டமும்தான் பெரிதாகும். சனியின் வளையம் 30 மடங்கிலேயே தெரியத் தொடங்கிவிடும். வியாழனின் நிலவுகளை 1610 ஜனவரியில் கலிலியோ கண்டது ஏறத்தாழ 20 மடங்கில். கடையில் முதலில் விட்டத்தைக் கேளுங்கள்.

துருவ நட்சத்திரத்தை நம்பும் தாங்கி

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். "ஈக்குவடோரியல்" என்று விற்கப்படும் தாங்கியில் ஓர் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக, அதாவது துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி நிறுத்திவிட்டால், நகர்ந்துகொண்டே போகும் கோளை ஒரே திருகைத் திருப்பித் தொடரலாம் என்பது அதன் சிறப்பு. துருவ நட்சத்திரம் 50 பாகை உயரத்தில் நிற்கும் ஐரோப்பிய ஊர்களில் அது நல்ல ஏற்பாடு. நம் மாவட்டத்தின் அட்சரேகை 8 பாகையை ஒட்டியது என்பதால், இங்கே துருவ நட்சத்திரமும் தொடுவானத்துக்கு மேல் 8 பாகை அளவே எழும். கையை நீட்டி மடக்கிப் பிடித்த முஷ்டியின் அகலம்கூட அது இல்லை. அந்த உயரத்தில் எங்கள் மட்டுப்பாவிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னையின் மடல்தான் தெரியும். அதற்குப் பின்னால் மலை.

"பிள்ளை வளர வளர உதவும்" என்று சொல்லித்தான் கடைக்காரர் அதை என் தலையில் கட்டினார். முதல் இரவில், அளவுகோலில் 8 என்ற இடத்துக்கு அச்சைத் தாழ்த்த முயன்றபோது எதிர் எடையின் தண்டு முக்காலியின் காலில் போய் முட்டியது. காலைச் சற்றுத் திருப்பி வைத்தால் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஒருவழியாக நிறுத்தி வியாழனைப் பிடித்தேன் என்றால், குழலின் பக்கவாட்டில் இருக்கும் கண்ணருகு லென்ஸ் சுழன்று என் தலைக்கு மேல் போயிருந்தது. நாற்காலியில் ஏறிய மகள் முக்காலியை இலேசாகத் தொட்டாள், வியாழன் மறைந்துவிட்டது. "கிடைச்சுதாப்பா?" என்று அவள் கேட்பதும், "இரு மக்களே, இப்ப வந்துரும்" என்று நான் சொல்வதுமாக ஒன்றரை மணி நேரம் போயிற்று. திரும்பிப் பார்த்தபோது பாயில் தூங்கிப்போயிருந்தாள். அதன் பிறகு பல மாதங்கள் அவள் தொலைநோக்கியைப் பற்றிப் பேசவே இல்லை. போன பணத்தைவிட எனக்கு வலித்தது அதுதான்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் தள்ளினால் நகர்ந்து, விட்ட இடத்தில் அப்படியே நிற்கும் தாங்கி. டாப்சோனியன் எனப்படும் மரப்பெட்டித் தாங்கியில் அமைந்த 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடித் தொலைநோக்கி அப்படிப்பட்டது. திண்ணையிலோ தண்ணீர்த் தொட்டியின் சிமெண்ட் மேடையிலோ வைத்தால், கடற்காற்றிலும் அசையாது. கோள் பார்வையை விட்டு நகர இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பிள்ளையே மெல்லத் தள்ளிக்கொள்ளும். ஏற்கெனவே ஈக்குவடோரியல் தாங்கியோடு வாங்கிவிட்டவர்கள் குழலை வீணாக்க வேண்டியதில்லை. தக்கலைக்காரர் அதைக் கழற்றி, ஓர் ஆசாரியிடம் கொடுத்து பிளைவுட்டில் பெட்டித் தாங்கி செய்துகொண்டார். இரண்டாம் வாரம் சிறுவன் யாருடைய உதவியும் இல்லாமல் கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டுபிடித்தான்.

சூரிய வடிகட்டி

கண்ணருகு லென்ஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி பெட்டியில் இருந்தால், குவிந்த வெயிலில் அது வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும் என்பதால், பிள்ளை பார்க்கும் முன் தூக்கி எறிந்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் வாங்கிப் பூட்டி வைப்பது

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் வாங்கி உறையோடு அலமாரியில் வைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள், கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். வாங்க ஏற்ற மாதம் ஜனவரி.

வடக்கு வானத்துக்கு எழுதிய வழிகாட்டி

தொலைநோக்கியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் வடநாட்டு வானத்துக்கு எழுதப்பட்டவை. அவற்றை மட்டும் பின்பற்றினால் நம் தெற்கு வானம் வீணாகும். மாசி மாத முன்னிரவில் தெற்கே ஒளிரும் அகத்திய நட்சத்திரத்தை அகத்தீஸ்வரம் வட்டத்துப் பிள்ளைகளாவது பெயர் சொல்லி அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. மே மாதத்தில், லண்டனிலிருந்து பார்க்கவே முடியாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து இங்கே 34 பாகை உயரம் வரை எழும். சங்குத்துறைக் கடற்கரையில் அந்தப் புகைத் திட்டின் ஓரங்கள் குருணை சிந்தியதுபோல் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிவதை, பிறகு வாங்கிய 130 மி.மீ. தொலைநோக்கியில் என் மகள் பார்த்த இரவில், அவளை வீட்டுக்குக் கிளப்ப மணி பன்னிரண்டு ஆயிற்று.