ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள்

மீன் தொட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்ச் அழுக்கானதும் பலரும் அதைக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிடுகிறார்கள். அப்புறம் சில நாளில் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும், பாவம். அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் நல்ல பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அவை செத்துவிடும். வாராவாரம் தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மாற்றுவீர்கள் அல்லவா, வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் போதும். சோப்பு வேண்டவே வேண்டாம். இரவில் ஃபில்டரை நிறுத்தவும் வேண்டாம். அந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் தேவை.