நொடிக்கு நொடி விலை எடுத்தால் கணக்கு துல்லியமாகுமா?

பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை அளக்க வருபவர்கள் பலர் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். தரவு கூடக் கூட அளவும் துல்லியமாகும் என்று நம்பி, நொடிவாரி விலைகளை அப்படியே அள்ளிப் போடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பங்கை வாங்குபவர் 100 ரூபாய்க்குக் கேட்கிறார், விற்பவர் 100.10 சொல்கிறார். நாள் முழுக்க இரண்டுமே அசையவில்லை. நாணயம் சுண்டியதுபோல வியாபாரம் மட்டும் இந்த விலையிலோ அந்த விலையிலோ நடக்கிறது. தேசியப் பங்குச் சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, அதாவது 22,500 நொடி. நொடிக்கு ஒரு விலை எடுத்து, மாற்றங்களை வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் பார்த்தால் அன்றைய ஏற்ற இறக்கம் சுமார் 10.6 சதவீதம் என்று வரும்! 5 நிமிடத்துக்கு ஒரு விலை எடுத்தால் 0.6 சதவீதம்தான். பங்கோ நகரவே இல்லை. நாம் அளந்தது முழுக்க இரைச்சல்.

ஆய்வாளர்கள் பலர் 5 நிமிட இடைவெளியில் நிற்பது இதனால்தான். ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். 1, 2, 5, 10, 30 நிமிடம் என்று வெவ்வேறு இடைவெளிகளில் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். கோடு எங்கே சமதளமாகிறதோ அங்கிருந்து எடுங்கள். வியாபாரம் குறைந்த பங்குகளில் அந்த இடம் இன்னும் தள்ளியே இருக்கும்.

சரி, தினசரி முடிவு விலை மட்டும் போதுமா? 2010 மே 6 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு பகலில் கிட்டத்தட்ட 1,000 புள்ளி சரிந்து, சில நிமிடங்களிலேயே பெரும்பகுதியை மீட்டது. முடிவு விலையில் தெரிந்தது சுமார் 348 புள்ளி இறக்கம் மட்டுமே.

அப்புறம், முந்தைய ஏற்ற இறக்கத்தை வைத்து அடுத்ததைக் கணிக்கும் கார்ச் (GARCH) மாதிரிக்குத் தினசரித் தரவில் கிடைத்த கெழுக்களை 5 நிமிடத் தரவுக்கு அப்படியே மாற்றக் கூடாது. இடைவெளி மாறினால் கெழுக்களும் மாறும், புதிதாக மதிப்பிட வேண்டும். காலையிலும் முடியும் நேரத்திலும் சந்தை துள்ளும், மதியம் அடங்கும். இந்த அன்றாடத் தாளத்தைப் பிரித்தெடுக்காவிட்டால் மாதிரி குழம்பிவிடும்.

பலரும் மறப்பது இரவை. 5 நிமிட மாற்றங்களின் கூட்டலில் மாலை 3.30க்கும் மறுநாள் 9.15க்கும் இடையிலான தாவல் சேராது. முடிவு விலையிலிருந்து முடிவு விலை வரை அளந்த எண்ணோடு அதை ஒப்பிடுவதானால், அந்தத் தாவலின் வர்க்கத்தையும் முதலில் கூட்டிக்கொள்ளுங்கள்.