கர்சன் பிரபுவின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கர்சன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1905 வங்கப் பிரிவினைதான், பள்ளிப் பாடத்தில் அவர் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார். அதைத் தாண்டி அவருடைய வாழ்க்கை, மனைவி, மகள்கள் என்று எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பட்டங்களில்தான்.

“மார்க்விஸ் கர்சன் 1899இல் வைஸ்ராயாக வந்தார்” என்று எழுதினால் தப்பு. ஜார்ஜ் நதானியேல் கர்சன் 1859இல் பிறந்தவர், 1886இலிருந்து சவுத்போர்ட் தொகுதியின் காமன்ஸ் சபை உறுப்பினர், 1898 வரைக்கும் எந்தப் பிரபுப் பட்டமும் இல்லாதவர். வைஸ்ராயாக நியமித்தபோதுதான் கெடில்ஸ்டனின் பாரன் கர்சன் என்ற முதல் பட்டம் வந்தது. 1911இல் அதைவிட உயர்ந்த ஏர்ல், 1921இல்தான் அதற்கும் மேலான மார்க்விஸ். ஆகவே எந்த ஆண்டைப் பற்றி எழுதுகிறோமோ அந்த ஆண்டின் பட்டத்தைப் போடுங்கள், இல்லையென்றால் பேசாமல் கர்சன் என்று மட்டும் எழுதுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, ‘பாரன்’ என்பதைப் ‘பேரன்’ என்று எழுதாதீர்கள். உச்சரிப்பு எப்படியோ போகட்டும், குடும்பக் கதையில் “பேரன் கர்சன்” என்று வந்தால் படிப்பவர் யாருடைய பேரன் என்று தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்த 1898 பட்டத்தை யாரும் சும்மா தாண்டிப் போகக் கூடாது. அது இங்கிலாந்துப் பட்டமில்லை, அயர்லாந்துப் பட்டம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பிரபு ஆகிவிட்டால் காமன்ஸ் சபைக் கதவு அடைபட்டுவிடும், அயர்லாந்துப் பட்டம் இருந்தால் திரும்பி வந்து தேர்தலில் நிற்கலாம். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு மனிதர், இந்தியாவுக்குப் பிறகும் தனக்கு ஒரு அரசியல் இருக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் அதை வாங்கினார். கணக்கு பலிக்கவில்லை. 1908இல் அவர் பிரபுக்கள் சபைக்கே போனார். 1923இல் பிரதமர் போனர் லா பதவி விலகியபோது அந்த இடம் வெளியுறவு அமைச்சரான தனக்குத்தான் என்று நம்பிக் காத்திருந்தார், மன்னர் அழைத்ததோ ஸ்டான்லி பால்ட்வினை. பிரபு என்பதால் மட்டுமே பிரதமர் பதவி போனது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அது பெரிய காரணம்தான், ஆனால் அவரோடு சேர்ந்து வேலை செய்யவே விரும்பாத சகாக்கள் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள்.

சரி, குடும்பத்துக்கு வருவோம். முதல் மனைவி மேரி லைட்டர், சிகாகோ வணிகர் லெவை லைட்டரின் மகள், 1895இல் வாஷிங்டனில் திருமணம். இவரை “லேடி மேரி கர்சன்” என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஒரு பெண்ணின் சொந்தப் பெயருக்கு முன்னால் நேராக ‘லேடி’ வந்தால் அவர் ஒரு டியூக், மார்க்விஸ் அல்லது ஏர்லுடைய மகள் என்று பொருள், சிகாகோ வணிகரின் மகளுக்கு அது பொருந்தாது. கணவர் வழியாக அவர் ‘லேடி கர்சன்’, அவ்வளவுதான். மேரி 1906இல் இறந்தார், 1917இல் கர்சன் மணந்த கிரேஸ் டக்கனும் அமெரிக்காவில் பிறந்தவர், அவரும் லேடி கர்சன். அதனால் ஆண்டு பார்க்காமல் எழுதினால் இரண்டு அமெரிக்கப் பெண்களும் ஒருவராகிவிடுவார்கள்.

கெடில்ஸ்டன் மாளிகையின் செல்வத்தில் மிதந்துகொண்டே இந்தியாவை ஆண்டார் என்பதும் சரியல்ல. டெர்பிஷயரில் உள்ள அந்த மாளிகை 1916 வரை பாதிரியாரான அவருடைய அப்பாவின் கையில் இருந்தது. கர்சன் குடும்பத்தின் ஆடம்பரத்துக்குப் பெரிய அளவில் ஈடுகொடுத்தது மேரி வழி வந்த பணம். கல்கத்தாவின் அரசு மாளிகை கெடில்ஸ்டனைப் போலவே இருப்பதால் அதைக் கர்சன் கட்டினார் என்றும் எழுதுகிறார்கள். அது வெல்லெஸ்லி காலத்தில், 1803 வாக்கில் கட்டி முடிந்தது.

பதவி விலகல் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். வங்கத்தைப் பிரித்ததால் எதிர்ப்பு கிளம்பி அவர் விலகினார் என்று நிறைய இடத்தில் படித்திருப்பீர்கள். 1905 ஆகஸ்டில் அவர் விலகியது, இராணுவ நிர்வாகத்தில் யாருக்கு அதிகாரம் என்று தலைமைத் தளபதி கிச்சனரோடு நடந்த மோதலில், லண்டன் தன் பக்கம் நிற்கவில்லை என்பதால். பிரிவினை அமலுக்கு வந்தது அதற்குப் பிறகு, அக்டோபர் 16 அன்று. அதற்கு முந்தைய ஆண்டில் அவர் பல மாதங்கள் இங்கிலாந்தில் இருந்தார், அப்போது தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர் நம் சென்னையின் ஆளுநர் ஆம்ப்தில். அந்த விடுப்பின்போதுதான் மேரி சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். 1904-05ஐ வெறும் அரசியலாக மட்டும் எழுதினால் அந்த மனிதர் பாதிதான் தெரிவார்.

மகள்கள் மூவர்: ஐரீன், சிந்தியா, அலெக்சாண்ட்ரா. ஆண் வாரிசு இல்லாததால் எல்லாப் பட்டமும் 1925இல் அவரோடு போயிற்று என்பது பாதி உண்மை. மார்க்விஸ், ஏர்ல் பட்டங்கள் மறைந்தன, அவரிடம் இருந்த ஸ்கார்ஸ்டேல் என்ற இன்னொரு பட்டம் அவருடைய தம்பி மகனுக்குப் போனது. ரேவன்ஸ்டேல் என்ற பாரன் பட்டம் மட்டும் மகள்களுக்கும் போகலாம் என்ற சிறப்பு ஏற்பாட்டோடு வந்தது, அது ஐரீனுக்குக் கிடைத்தது. அப்பாவோ மகளோடு பணத்தகராறில் முறிந்து போனவர். இரண்டாவது மகள் சிந்தியாவும் அதே பணத்துக்காக அப்பாவோடு பிணங்கினார்.

சிந்தியாவின் கணவர் ஆஸ்வால்ட் மோஸ்லி. அதை வைத்துக்கொண்டு “பாசிசக் குடும்பம்” என்று கர்சன் தலையில் கட்டாதீர்கள். மோஸ்லி பாசிசக் கட்சி தொடங்கியது 1932இல், கர்சன் இறந்து ஏழு ஆண்டு கழித்து. சிந்தியா லேபர் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1933இல் 34 வயதில் இறந்துவிட்டார்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் கர்சன். ஐரீனிடம் அப்பா கொடுத்த பட்டம் இருந்தும், பெண் என்பதால் அதைக் கொண்டு பிரபுக்கள் சபையில் உட்கார முடியவில்லை. 1958இல் ஆயுட்காலப் பட்டம் பெற்ற முதல் நான்கு பெண்களில் ஒருவராகத்தான் அவர் அந்தச் சபைக்குள் போனார்.