பல விலான்களுக்கு ஒரே டிஹெச்சிபி சர்வர்: ரிலே, ஸ்கோப், லீஸ் அமைப்பது எப்படி

ஆபீஸ் நெட்வொர்க்கை விலான்களாக, அதாவது ஒரே ஸ்விட்சுகளுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரித்த அன்று முதலில் நின்றுபோவது கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபிதான். புதிதாக ஆன் ஆகும் கணினிக்குச் சொந்த முகவரி கிடையாது. அதனால் தன் சப்நெட் (ஒரு விலானுக்கான முகவரி வட்டம்) முழுவதும் கேட்கும்படி பிராட்காஸ்ட்டில் முகவரி கேட்கிறது. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டாது. விலானுக்கு ஒரு சர்வர் வைப்பது வீண் செலவு. ரிலே ஒன்று போதும்.

விலானின் கேட்வேயாக, அதாவது வெளியே போகும் வாசலாக, இருக்கும் லேயர் 3 ஸ்விட்ச்தான் (ரவுட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்) ரிலே. கணினியின் கோரிக்கையை வாங்கி, அதில் தன் இன்டர்ஃபேஸ் முகவரியை எழுதி, சர்வருக்கு நேரடியாக அனுப்புகிறது. எழுதப்படும் இடத்தின் பெயர் ஜிஐஅட்டர். எந்த ஸ்கோப்பிலிருந்து (ஒரு சப்நெட்டுக்கென ஒதுக்கிய முகவரித் தொகுப்பு) முகவரி தருவது என்பதைச் சர்வர் அதைப் பார்த்தே முடிவுசெய்கிறது. இந்த வேலையில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு புலத்தில்தான் போய் முடியும் என்பது எங்கள் கணிப்பு.

முதலில் காகிதத்தில் திட்டம் போடுங்கள். உதாரணமாக, சர்வர் இருப்பது 10.20.5.10. ஊழியர் கணினிகளுக்கு விலான் 10, அதாவது 10.20.10.0/24. ஐபி போன்களுக்கு விலான் 20, பிரின்டருக்கும் கேமராவுக்கும் விலான் 30. விருந்தினர் வைஃபைக்கு மட்டும் 10.20.40.0/22; அதில் 1022 முகவரிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் .1 கேட்வே, .2 முதல் .49 வரை கையால் கொடுப்பவை, .50 முதல் .250 வரை தானாக வழங்குபவை என்று ஒரே வழக்கத்தை வைத்துக்கொண்டால் பிறகு தேடும் வேலை குறையும். விருந்தினர் விலானில் மட்டும் தொகுப்பை 10.20.43.250 வரை நீட்டுங்கள். ஒரு லேப்டாப் கேபிளிலும் வைஃபையிலும் ஒரே விலானில் இருந்தால் இரண்டு முகவரி பிடிக்கும். அதையும் கணக்கில் சேருங்கள். 192.168.1.0 தொடரைத் தவிர்த்துவிடுங்கள். பல வீட்டு ரவுட்டர்களில் அதுவே இருப்பதால், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வருகிறவர்களுக்கு மோதும்.

சர்வரில் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் ஒரு ஸ்கோப். முகவரியோடு சேர்த்து அனுப்பும் விவரங்களே ஆப்ஷன்கள்: ஆப்ஷன் 3-ல் அந்தந்த விலானின் கேட்வே, 6-ல் டிஎன்எஸ் சர்வர். ஒரு ஸ்கோப்பை நகலெடுத்து அடுத்ததை உருவாக்கும்போது ஆப்ஷன் 3-ஐ மாற்ற மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும். முகவரி சரியாக வரும், சப்நெட்டுக்கு வெளியே எதுவும் திறக்காது.

பிறகு சிஸ்கோ ஸ்விட்ச் என்றால், விலான் 10, 20, 30, 40 ஒவ்வொன்றின் இன்டர்ஃபேஸிலும் ஐபி ஹெல்ப்பர்-அட்ரஸ் கட்டளையில் 10.20.5.10 கொடுங்கள். சர்வர் இருக்கும் விலானுக்கு இது வேண்டாம்.

சர்வரின் பதில் ஜிஐஅட்டருக்குத்தான் திரும்பும். ஆகவே 10.20.10.1-க்குப் போகும் வழி சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் முகவரி ரிலே வழியாக வந்தாலும், லீஸில் (முகவரியை வைத்துக்கொள்ள அனுமதித்த காலம்) பாதி கழிந்ததும் புதுப்பிக்கும் கோரிக்கையைக் கணினி நேராகச் சர்வருக்கு அனுப்பும். ரிலேயின் முகவரியை மட்டும் அனுமதித்திருந்தால் அது தோற்கும், 87.5 சதவீதக் காலத்தில் மறுபடி பிராட்காஸ்ட் செய்து, ரிலே வழியாகத் தப்பிக்கும். வெளியே எதுவும் தெரியாது, லாக் மட்டும் நிரம்பும். எனவே எல்லா விலான்களிலிருந்தும் சர்வரின் யுடிபி 67-ஐத் திறந்துவிடுங்கள்.

லீஸ் காலம் ஊழியர்களுக்கு 8 நாள் இருக்கலாம். விண்டோஸ் சர்வரின் இயல்பு அளவும் அதுதான். விருந்தினருக்கு 2 முதல் 4 மணி நேரம் போதும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரிக்கு (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பதில் புனைந்த ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறும்போதெல்லாம் ஒரே போன் புதிய முகவரி கேட்கும்; லீஸ் நீண்டால் தொகுப்பு காலியாகிவிடும்.

ஒன்று நின்றால் மற்றது தொடரும்படி விண்டோஸ் ஃபெயில்ஓவரில் இரண்டு சர்வர் வைத்தால் ஒவ்வொரு விலானிலும் இரண்டு ஹெல்ப்பர் முகவரியும் வேண்டும். லீஸ் விவரம் தானாகப் பகிரப்படும். ரிசர்வேஷனும் (ஒரு கருவிக்கு நிலையாக ஒதுக்கிய முகவரி) ஆப்ஷனும் அப்படியல்ல. மாற்றிய பிறகு ரெப்ளிகேட் கொடுக்க வேண்டும்.

யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை பெட்டியைச் சுவர் சாக்கெட்டில் செருகினால் அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். அதைத் தடுக்க, நம்பாத போர்ட்டிலிருந்து வரும் சர்வர் பதிலை ஸ்விட்சே வீசும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை இயக்கி, மேல் ஸ்விட்சுக்குப் போகும் அப்லிங்க் போர்ட்டை மட்டும் டிரஸ்ட் ஆக்குங்கள். இதை இயக்கியதும் சிஸ்கோவில் எல்லோருக்கும் முகவரி நின்றுபோனால் காரணம் ஆப்ஷன் 82, அதாவது கோரிக்கை எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு. கணினிகள் நேரடியாகச் செருகியிருக்கும் அணுகல் ஸ்விட்ச் அதைச் சேர்க்கிறது. ஜிஐஅட்டர் பூஜ்யமாக இருக்க ஆப்ஷன் 82 வந்தால் மேலே உள்ள ரிலே அந்தப் பாக்கெட்டை வீசிவிடும். அணுகல் ஸ்விட்சில் ஆப்ஷன் சேர்ப்பதை நிறுத்துங்கள், அல்லது ரிலேயில் அந்த இன்டர்ஃபேஸை நம்பச் சொல்லுங்கள்.

கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் பதில் வரவில்லை என்று பொருள். சர்வரில் யுடிபி 67-ஐப் பாக்கெட் கேப்சர் செய்யுங்கள். டிஸ்கவர் (கணினியின் முதல் கோரிக்கை) வரவேயில்லையா? விலானையும் ஹெல்ப்பரையும் பாருங்கள். வருகிறது, ஆஃபர் (சர்வரின் பதில்) போகவில்லையா? ஜிஐஅட்டருக்குப் பொருந்தும் ஸ்கோப் இல்லை அல்லது தொகுப்பு தீர்ந்துவிட்டது. ஆஃபர் போயும் கணினிக்குச் சேரவில்லை என்றால் திரும்பும் வழி, ஃபயர்வால், ஸ்னூப்பிங் ஆகியவற்றைப் பாருங்கள்.

சப்நெட்டின் எண்ணையே மாற்றப் போகிறீர்களானால் 8 நாள் முன்னதாகவே லீஸை 1 மணி நேரமாகக் குறையுங்கள். குறைத்த அளவு அடுத்த புதுப்பிப்பில்தான் கணினிக்குத் தெரியும். முந்தைய நாள் குறைத்தால் பல கணினிகள் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும்.