இரண்டு ஹெட்ஃபோன், ஒரு பழைய சீடி: ஒலியை ஒப்பிட்டு நம் காதுக்கேற்பத் திருத்துவது எப்படி

போன ஆடியில் பண்டாரவளையிலிருந்து மாமா மகன் வந்திருந்தான். இலங்கை மலையகத்தில், எங்கள் டிக்கோயாப் பக்கம் அந்த மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அவன் ஊரில் அப்போது வெயில். நனைந்த பையைத் திறந்தபோது வீட்டுக்குத் தின்பதற்கு ஏதாவது கொண்டு வந்திருப்பான் என்று பார்த்தேன். வெளியே வந்தது புது ஹைஃபைமேன் சுந்தாரா ஹெட்ஃபோன். என்னிடம் சென்ஹைசர் ஹெச்டி 600 இருக்கிறது. 1997இல் வந்த மாடல், இன்னும் மவுசு குறையாதது. என்னிடம் இருப்பது கைமாறி வந்தது.

இரண்டையும் என் போனில் மாற்றி மாற்றிச் சொருகிக் கேட்டோம். "மச்சான், உன்னோடது படுத்திருச்சுடா" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு நாள் மனசே சரியில்லை.

மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. ஹெச்டி 600இன் மின்தடை 300 ஓம். சுந்தாராவுக்கு 40 ஓமுக்கும் கீழே. தடை கூடினால் அதைத் தள்ள வலு வேண்டும், போனில் இருப்பதோ சின்ன ஆம்ப்ளிஃபையர். அதே வால்யூமில் வைத்தால் என்னுடையது தணிந்துதான் ஒலிக்கும். பிறகு அளந்து பார்த்தபோது வித்தியாசம் மூன்று டெசிபெல் போல வந்தது. நாங்கள் ஒப்பிட்டது ஒலியின் தரத்தை அல்ல, சத்தத்தின் அளவை.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஒரு டெசிபெல் கூடினால் "சத்தம் கூடிவிட்டது" என்று காது சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, நிறைவாக இருக்கிறது" என்று சொல்லும். அதனால் சத்தத்தைச் சமமாக்காமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் இப்போது நம்புவதில்லை, யூடியூபில் எவ்வளவு பெரிய ஆள் செய்தாலும் சரி.

கையில் என்ன வேண்டும்

விண்டோஸ் லேப்டாப் அல்லது ஆண்ட்ராய்டு போன். அதில் சொருக ஒரு சின்ன யூஎஸ்பி டாக் (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கேற்ற மின்சைகையாக மாற்றும் கருவி), ஹெட்ஃபோன் 300 ஓம் என்றால் கொஞ்சம் வலுவானதாக. ஒலி அளக்கும் ஆப் போட்ட இன்னொரு போன். ஒரு பழைய சீடி, கொஞ்சம் இன்சுலேஷன் டேப், பேப்பர், பேனா. இரண்டு ஹெட்ஃபோனையும் ஒரே கருவியில், வயர் வழியாகவே கேளுங்கள். ஒன்றை புளூடூத்திலும் மற்றதை வயரிலும் கேட்டால் எதை ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போகும்.

மழை பெய்யாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். இந்த இரண்டும் பின்பக்கம் திறந்த ரகம். தகரக் கூரையில் விழும் மழை முழுக்கக் காதுக்குள் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்படியொரு நேரம் கிடைக்க ஆடி மாதத்தில் ராத்திரி இரண்டு மணி ஆகலாம்.

சத்தத்தைச் சமமாக்குவது

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

பிங்க் நாய்ஸ் என்று தேடி ஒரு கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ரோட்டோரம் நின்று டெவன் நீர்வீழ்ச்சியைக் கேட்பது போன்ற இரைச்சல் அது. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஒரே அளவு சக்தி இருப்பதால் ஒரு சுரம் மட்டும் தூக்கலாக வந்து கணக்கைக் குழப்பாது.

இப்போது சீடி. அதன் நடுவே 15 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிறது, காதுத் துளைக்குப் பதிலாக அது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி மேலே சீடியை வையுங்கள். அளக்கும் போனைத் தலைகீழாக, மைக் இருக்கும் அடிப்பக்கம் மேலே பார்க்க, புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி மைக் சரியாக ஓட்டைக்கு நேரே வரும்படி செய்யுங்கள். போனுக்கும் சீடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை டேப்பால் அடையுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு கிண்ணத்தைச் சீடிமேல் கவிழ்த்து, விளிம்பை மட்டும் விரலால் லேசாக அழுத்துங்கள். உள்ளங்கையால் மூடினால் திறந்த ரகம் மூடிய ரகமாகிவிடும்.

ஆப் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள், திரும்பக் குறியுங்கள். ஐந்து முறை. வைக்கும் விதத்திலேயே ஒரு டெசிபெல் முன்பின் போகும் என்பதால் ஐந்தின் சராசரிதான் கணக்கு. மற்ற ஹெட்ஃபோனுக்கும் இதையே செய்து, எது சத்தமோ அதைக் குறையுங்கள். போனின் வால்யூம் படிகள் பெரிதாக இருந்தால் பின்னால் வரும் ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) 'ப்ரீஆம்ப்' என்று மொத்தச் சத்தத்துக்கான குமிழ் ஒன்று இருக்கிறது, அதில் அரை அரை டெசிபெல்லாக இறக்கலாம்.

அந்த ஆப் சொல்லும் எண் உண்மையான டெசிபெல் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் நமக்கு வேண்டியது.

எதைக் கேட்பது

முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதில் கேட்டால் பயனில்லை. ஒலியின் நுணுக்கத்தைக் காது சில வினாடிகளுக்கு மேல் நினைவில் வைத்திருப்பதில்லை. பதினைந்து வினாடித் துண்டு ஒன்றை வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு மாற்றுங்கள்.

நேரில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒலியாக எடுங்கள். எனக்கு அது தப்பு என்ற பறை மேளம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தோலைத் தீயில் வாட்டி முறுக்கேற்றி அடிப்பார்களே, அதைச் சின்ன வயதிலிருந்து பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நல்ல ஒலிப்பதிவு ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சி, மறு கையில் குட்டையான தடித்த குச்சி. மெல்லிய குச்சியின் 'சடக்' மேல் அலைவரிசையில் விழும். தடித்ததன் 'திம்' வயிற்றில் விழ வேண்டும். இரண்டும் ஒரே தோலிலிருந்து வருகிறதா, அல்லது இரண்டு வேறு கருவி போலப் பிரிந்து நிற்கிறதா? பிரிந்து நின்றால் நடுவில் எங்கோ பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து நாதஸ்வரம். அது நேரிலேயே காதைக் குத்தும் கருவி. ஹெட்ஃபோனிலும் கொஞ்சம் குத்தத்தான் வேண்டும். பட்டுப் போல வழுக்கிக்கொண்டு போகும் நாதஸ்வரத்தைக் கேட்டால் நான் சந்தேகப்படுவேன். பெண் குரல் ஒன்றும் வேண்டும். 'ச', 'ஸ' வரும் இடங்களில் விசில் போலச் சீறினால் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரைக்குள் எங்கோ ஒரு மேடு உண்டு.

பேப்பரில் "நல்லா இருக்கு" என்று எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்து அது உங்களுக்கே புரியாது. என் பேப்பரில் இருந்தது இப்படி: "600: குரல் முன்னால், முகத்துக்கு நேரே. தடித்த குச்சி சுருங்குகிறது, அடி வயிறு இல்லை. சுந்தாரா: அடி ஆழம், தளர்வில்லை. குரல் ஓரடி பின்னால். கைத்தாளம் மினுங்கல் கூட." கருவியின் பெயரும், அது எங்கே நிற்கிறது என்பதும் இருந்தால் போதும்.

எனக்கு 600இன் குரல்தான் பிடித்தது. ஏனென்று யோசித்தால் தாத்தாவின் ரேடியோ ஞாபகம் வருகிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இஸ்தோப்புச் சுவரில், அதாவது முன் திண்ணைச் சுவரில், ஆணியடித்துத் தொங்கும். பின்னேரம் இலங்கை வானொலி. அதில் பேஸ் என்ற அடி ஒலியும் கிடையாது, ட்ரெபிள் என்ற மேல் ஒலியும் கிடையாது, குரல் மட்டும் ஆள் வந்து நிற்பது போல நிற்கும். என் ருசி அங்கே ஊறியது. மாமா மகன் வேன்களில் பூஃபர் ஸ்பீக்கர் அதிர வளர்ந்தவன், அவனுக்கு வேறு ருசி.

பொதுவான ருசி என்று ஒன்று இல்லாமலும் இல்லை. ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஒலிவ், டொட் வெல்டி இருவரும் 2013இலிருந்து வெளியிட்ட ஆய்வுகளில், நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கரைக் கேட்பது போன்ற ஒலியைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். 'ஹார்மன் கர்வ்' என்று எல்லோரும் சொல்வது அதிலிருந்து வந்தது. அதை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொண்டு பேஸையும் ட்ரெபிளையும் அவரவர் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கலாம்.

ஈக்வலைசர் போடுவது

இது பத்து நிமிட வேலை. விண்டோஸில் 'ஈக்வலைசர் ஏபிஓ' இலவசம். நிறுவும்போது எந்த ஒலிக் கருவிக்கு என்று கேட்கும், உங்கள் டாக்கைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரை மீண்டும் தொடங்குங்கள். அதன்மேல் 'பீஸ்' என்ற முகப்பைப் போட்டால் குமிழ்கள் கண்ணுக்குத் தெரியும். ஆண்ட்ராய்டில் தயார் திருத்தத்துக்கு 'வேவ்லெட்' போதும், ஆனால் அதன் குமிழ்கள் குறிப்பிட்ட அலைவரிசைகளில் மட்டும்தான். கீழே சொல்வது போலக் கையால் திருத்த 'பாராமெட்ரிக்' வகை ஈக்வலைசர் வேண்டும். 'ஆட்டோஈக்யூ' என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்குத் திருத்த எண்கள் தயாராக இருக்கின்றன, வேவ்லெட்டுக்குள்ளேயே அவை வருகின்றன. அவசரமானால் அதைப் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாம். நான் கையால் செய்யச் சொல்வேன். எந்தக் குமிழ் எதைச் செய்கிறது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஹெட்ஃபோன் வந்தாலும் பயமில்லை.

திருத்துவது

ஈக்வலைசரில் போடும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஃபில்டர் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள். எந்த அலைவரிசை, எத்தனை டெசிபெல், எவ்வளவு அகலம். அகலத்துக்கு 'க்யூ' என்று பெயர். க்யூ எண் கூடினால் ஃபில்டர் ஒடுங்கும், குறைந்தால் விரியும்.

முதலில் ப்ரீஆம்ப். எங்காவது 4 டெசிபெல் கூட்டப் போகிறீர்கள் என்றால் ப்ரீஆம்பை மைனஸ் 4க்கு இறக்குங்கள். டிஜிட்டல் ஒலிக்கு ஒரு கூரை உண்டு, அதை இடித்தால் கரகரக்கும்.

அடுத்து பேஸ். வைத்த எண்ணுக்குக் கீழே உள்ளதை எல்லாம் சேர்த்து ஏற்றும் 'லோ ஷெல்ஃப்' என்ற வகையை எடுத்து 100 ஹெர்ட்ஸில் வைத்து 1 டெசிபெல், 2, 3 என்று ஏற்றிப் பாருங்கள். 600இல் நான் 4இல் நின்றேன், தடித்த குச்சிக்கு வயிறு வந்தது. 10க்கு ஏற்றியும் பார்த்தேன். திறந்த ரக டைனமிக் ஹெட்ஃபோன் (கம்பிச் சுருள் தள்ளும் சவ்வு உள்ளது) அதைத் தாங்காது, அடி தெளிவிழந்து கொழகொழத்துவிட்டது. சுந்தாரா பிளானர் ரகம் (காந்தங்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டைப் படலம் முழுதாக அதிரும்), அடியில் இயல்பாகவே நன்றாக இறங்கும். அதற்கு 2 போதும்.

சுந்தாராவில் குரல் பின்னால் போனதற்குக் காரணம் ஒன்றரைக்கும் இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கும் இடையிலுள்ள மெல்லிய பள்ளம். 1.8 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபெல், க்யூ 1.5 கொடுத்ததும் பாடகி ஓரடி முன்னால் வந்துவிட்டார். மாமா மகன் ஒன்றும் பேசவில்லை, பாட்டை முதலிலிருந்து திரும்பப் போட்டான்.

ட்ரெபிள் கொஞ்சம் பொறுமை கேட்கும். ஒரு தனிச் சுரம் 4 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 வரை மெதுவாக ஏறும் கோப்பு ஒன்றை எடுத்து, வால்யூமை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். (குறைக்காமல் கேட்டால் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவீர்கள்.) ஏறிக்கொண்டே போகும் சுரம் ஓரிடத்தில் திடீரென்று கத்தும். அந்த எண்ணில் 3 டெசிபெல்லை, க்யூ 4 வைத்து, வெட்டுங்கள். அதே சுந்தாரா எனக்குக் கத்தியது 9 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி, அவனுக்கோ 8க்குப் பக்கத்தில். காது மடலும் துளையும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் இந்த இடத்தில் இன்னொருவர் தந்த எண் அப்படியே பொருந்தாது.

ஒன்றைத் திருத்தியதும் ஒரு பாட்டைக் கேளுங்கள், அப்புறம்தான் அடுத்தது. நான் முதல்முறை ஏழு ஃபில்டரை ஒரே மூச்சில் போட்டுவிட்டு எது கெடுத்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்தேன்.

தினமும் எந்த வால்யூமில் கேட்பீர்களோ அதே வால்யூமில் திருத்துங்கள். சத்தம் குறைந்தால் காதுக்கு முதலில் குறைவது பேஸ்தான். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ராத்திரி மெதுவாகக் கேட்டுத் திருத்தினால் காலையில் சத்தம் கூட்டும்போது பேஸ் குமுறும். கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

உண்மையிலேயே நல்லதா என்று பார்ப்பது

ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் ஈக்வலைசர் போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் வரும்படி ப்ரீஆம்பைச் சரிசெய்து, வீட்டில் யாரையாவது மாற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். என் தங்கச்சி பத்து முறை மாற்றினாள், ஒன்பது சரி. ஐந்து ஆறுதான் சரி என்றால் காசு சுண்டிப் பார்த்த மாதிரிதான், அந்த ஃபில்டரை எடுத்துவிடலாம். ஹெட்ஃபோனையே மாற்றும்போது இந்தச் சோதனை சரிவராது, தலையில் வைத்ததுமே கனம் காட்டிக்கொடுத்துவிடும்.

காதைச் சுற்றிப் படும் மெத்தையை, அதாவது இயர் பேடை, அதையும் பாருங்கள். எங்கள் ஈரத்துக்கு மூன்று மாதம் பெட்டிக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். தட்டையாகிப்போன பேடும், மூக்குக் கண்ணாடியின் காலும், சரியாக ஒட்டாமல் விட்ட சந்தும் பேஸைத்தான் முதலில் தின்னும்.

சுந்தாராவின் எண்களை மாமா மகனுக்கு எழுதிக் கொடுத்தனுப்பினேன். மார்கழியில் போன் வந்தது.

"மச்சான், நீ குடுத்த செட்டிங்ல பேஸே இல்லடா. இன்னும் நாலு ஏத்தவா?"

"ஏத்தாத. தலையில என்ன போட்டிருக்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கம்பளிக் குல்லா."

"காதுக்கு மேல மடிச்சு விட்டுட்டுத் திரும்பக் கேளு."