காது மந்தமானால் டெல்டாவில் யாரிடம் போவது?

வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் குடியேற வருபவர்கள் வீட்டு வாடகை, கேஸ், ஆதார் என்று எல்லாவற்றையும் முதல் வாரமே விசாரித்துவிடுவார்கள். கூட வந்திருக்கும் பெரியவர்களின் காதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை.

மலேசியாவிலிருந்து வந்த எங்கள் பெரியப்பாவை, போர்டைப் பார்த்து ஒரு காது மிஷின் கடைக்குக் கூட்டிப்போனோம். வாசலில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, பத்து நிமிடம் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். அன்றைக்கே ஒரு ஜோடி மிஷினும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் தட்டு கீழே விழுந்தால் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஆனால் பேச்சு மட்டும் விளங்கவில்லை. மூன்று வாரத்தில் மிஷின் பீரோவுக்குள் போனது. அப்புறம் அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். வெறும் காதுக்குரும்பி அடைப்பாகவும் இருக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே பார்க்கலாம், காலையிலேயே போய்விடுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

டாக்டர் கேட்புத்திறன் சோதனைக்கு எழுதிக்கொடுத்தால், அதைச் செய்ய வேண்டியவர் ஆடியாலஜிஸ்ட். பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற நான்கு வருடப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 1992ஆம் வருடச் சட்டப்படி பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. "உங்கள் ஆர்.சி.ஐ. நம்பர் என்ன சார்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முறையாகப் படித்தவர் சந்தோஷமாகவே காட்டுவார். கடையில் மிஷின் விற்பவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் விற்பது வேறு, சோதிப்பது வேறு.

சோதனை சத்தம் புகாத அறையில் நடக்க வேண்டும். ஹெட்போனில் கேட்பது ஒரு பகுதி, காதுக்குப் பின்னால் எலும்பில் கருவி வைத்துப் பார்ப்பது இன்னொரு பகுதி. மூன்றாவதைத்தான் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்: சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வது. பெரியவர்களுக்கு அது தமிழிலேயே நடக்க வேண்டும். வெளிநாட்டிலேயே வளர்ந்தவர்கள் தங்களுக்குப் பழகிய மொழியில் செய்யச் சொல்லிக் கேட்கலாம். புரியாத மொழியில் சோதித்தால் காதின் குறை எது, மொழியின் குறை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

வெளிநாட்டில் வாங்கிய மிஷின் இருந்தால் பழைய ஆடியோகிராமையும் (கேட்புத்திறன் சோதனை முடிவைக் காட்டும் வரைபடம்) வாரண்டி சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி. அதே கம்பெனி மிஷினை இங்கே சரிசெய்து தருவார்களா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

சிக்கலான கேஸ் என்றால் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனத்துக்குப் போகலாம். மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாக மைசூருக்கு நேரடி ரயில் இருப்பது நமக்குப் பெரிய வசதி.

புது மிஷினை வாங்குமுன் சில நாள் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். அமைதியான அறையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில் தவிலுக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் பேசுவது விளங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பிப் போய் சரிசெய்யச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருப்பது சகஜம்தான்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே ஈரம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். ராத்திரி மிஷினைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பெரியப்பா இப்போது முறையாகச் சோதித்து வேறு மிஷின் போட்டிருக்கிறார். அந்த டப்பா அவர் தலைமாட்டிலேயே இருக்கிறது.